அம்மப்பாவின் ஆமிக் கடதாசிகள்: திருகோணமலையில் இருந்து தேடிச் சேர்க்கும் வழி

எங்கள் அம்மப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படையின் பயனியர் கோர்ப்ஸ் என்ற உடலுழைப்பு வேலைப் பிரிவில் சேர்ந்து எகிப்துக்குப் போய் வந்தவர். வீட்டில் இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அவருடைய கடிதங்களையும் சேவைப் பதிவுகளையும் ஒன்று சேர்க்க எனக்கு இருபது மாதம் பிடித்தது. அதில் ஐந்து மாதம் என்னுடைய பிழையால் வீணாய்ப் போன காலம். இங்கே எடுக்க வேண்டியதை எடுக்காமல் லண்டனுக்குக் காசு கட்டினேன், பெயரை மாறி நிரப்பினேன், வீட்டிலேயே இருந்த அவருடைய சேவை இலக்கத்தைப் பார்க்காமல் வெளியே தேடினேன்.

திருகோணமலையில் இப்படிப்பட்ட கடதாசிகள் உள்ள பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. 1990 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் தப்பியவை. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் கீழே உள்ள ஒழுங்கிலேயே போங்கள். ஒழுங்கு மாறினால் காலமும் காசும் போகும்.

1. உண்மையிலேயே படையில் இருந்தாரா என்று பாருங்கள்

இது திருகோணமலைக்கே உரிய சிக்கல். "தாத்தா நேவியில இருந்தவர்" என்று சொல்லும் வீடுகள் பலவற்றில் அவர் டொக்யார்ட்டில் வேலை செய்த சிவில் ஆளாகத்தான் இருப்பார். பிட்டர், தச்சர், கிளார்க், படகோட்டி என்று நூற்றுக்கணக்கானவர்கள் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் சம்பளத்துக்கு இருந்தார்கள். 1957-இல் தளம் கைமாறும் வரை அந்த வேலைகள் இருந்தன. சீனன்குடா விமானத் தளத்திலும் அப்படித்தான். அவர்களுக்குப் படைச் சேவைப் பதிவு இருக்காது. தேடிக் காசைக் கரைக்காதீர்கள்.

எப்படிப் பிரித்தறிவது? சீருடைப் படம் மட்டும் போதாது, டொக்யார்ட் காவலர்களும் சீருடை போட்டார்கள். சேவை இலக்கம், சம்பளப் புத்தகம், பதக்கம், விடுவிப்புச் சான்றிதழ் ஆகிய நான்கில் ஒன்று வேண்டும்.

படையில் இருந்தவர்தான் என்றால் அடுத்த கேள்வி, எந்தப் படை, எப்போது சேர்ந்தார் என்பது. 1949 அக்டோபர் 10-க்குப் பிறகு தரைப்படையில் சேர்ந்தவர் சிலோன் ஆமிக்காரர். 1950 டிசம்பர் 9-க்குப் பிறகு கடற்படையில் சேர்ந்தவர் ரோயல் சிலோன் நேவிக்காரர். இவர்களுடைய கடதாசிகளை லண்டனில் தேடுவது வீண். இலங்கை அதிகாரிகளிடம்தான் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தத் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போர்க் காலத்தில் பயனியர் கோர்ப்ஸ், ரோயல் ஆமி சேர்விஸ் கோர்ப்ஸ், ரோயல் எஞ்சினியர்ஸ் போன்றவற்றில் சேர்ந்து மத்திய கிழக்குக்கோ இத்தாலிக்கோ போனவர் என்றால் இந்தக் கட்டுரையின் மிச்சம் முழுவதும் உங்களுக்குத்தான்.

இன்னொன்று. எங்கள் ஊரில் யாரிடமாவது போய் "ஆமிக் கடதாசி தேடுறன்" என்று தொடங்காதீர்கள். நான் ஒரு அலுவலகத்தில் அப்படித்தான் தொடங்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முகம் அப்படியே மாறிவிட்டது, பக்கத்து மேசையிலும் பேச்சு நின்றது. "இரண்டாம் உலகப் போர், வெள்ளைக்காரன் காலம்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2. பெட்டியைத் திறக்கும் நாள்

அவசரப்படாதீர்கள். எங்கள் ட்ரங்குப் பெட்டி நாற்பது வருடம் அலுமாரிக்கு மேல் இருந்தது. திறந்ததும் அம்மா செய்த முதல் வேலை, கடிதங்களை எல்லாம் உறையில் இருந்து எடுத்து ஒரு பக்கமும் உறைகளை இன்னொரு பக்கமும் அடுக்கியது. துப்புரவாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை ஆனது. கடிதத்தில் திகதி இருக்கும், இடம் இருக்காது. இடத்தைச் சொல்வது உறை. இரண்டையும் பிரித்தால் பாதித் தகவல் போய்விடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மழை இல்லாத நாளாகப் பாருங்கள். நவம்பர், டிசம்பர் மாரியில் திறக்காதீர்கள், கடற்கரைக் காற்றின் ஈரம் பழைய தாளை ஒரே நாளில் நெகிழ வைத்துவிடும். கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், உறையின் இரண்டு பக்கம் என்று படம் எடுங்கள். 2பி பென்சிலால் ஒரு தனித் துண்டில் இலக்கம் போட்டு அதோடு வையுங்கள். கடிதத்தின் மேல் பேனையால் எழுத வேண்டாம்.

செய்யக் கூடாதவை: செலோடேப் ஒட்டுவது, லமினேட் பண்ணுவது, ஒட்டிக்கொண்ட தாளை இழுத்துப் பிரிப்பது, வெயிலில் காய வைப்பது. இதில் லமினேட்தான் பெரிய ஆபத்து. ஊரில் போட்டோக்கொப்பிக் கடைகளில் பழைய தாளைக் கொண்டுபோனால் அன்போடு "பழுதாகாமல் லமினேட் பண்ணித் தரட்டா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். சூட்டில் மை பரவும், பிறகு கழற்றவே முடியாது.

ஸ்கான் பண்ணுவதென்றால் 600 டிபிஐ, கலரில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தணிக்கை சீலின் நிறம் தெரியாது. பென்சில் எழுத்தும் மறைந்துவிடும். கறையானும் ராமபாணப் பூச்சியும் இருந்த பெட்டிக்குள் திரும்ப வைக்காதீர்கள். அமிலம் இல்லாத உறை கொழும்பில் கிடைக்கும், விலை கூட. அது வரும்வரை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடியுள்ள டப்பாவில் வைத்தேன். இரண்டு மாரிக்குப் பழுதில்லை.

3. உறவுக்காரரிடம் கேட்கும் முறை

கடிதங்கள் ஒரு வீட்டில் மட்டும் இருக்காது. எங்களுடையவை திருகோணமலையில் பதினொன்று, மட்டக்களப்பில் சின்னம்மா வீட்டில் நான்கு, கனடாவில் பெரிய மாமாவிடம் ஆறு. "அம்மப்பாவின் கடிதம் ஏதும் இருக்கா?" என்று வட்ஸப் குழுவில் போட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்து, "பழைய நீலத் தாள், சின்னச் சிவப்புப் புத்தகம், நாடா கட்டின பதக்கம், வெளிநாட்டு முத்திரை, இப்படி ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டேன். அன்றிரவே இரண்டு படம் வந்தது. பொருளைச் சொல்லிக் கேட்டால்தான் ஆட்களுக்கு ஞாபகம் வரும்.

முத்திரை சேர்க்கும் பழக்கம் உள்ள ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்திலும் ஒருவர் 1970-களில் நான்கு உறைகளின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார். அவருடைய முத்திரைப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். வெட்டிய துண்டில் தபால் சீலின் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூலத்தைக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். தெளிவான படம் போதும். மூலம் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எழுதி வையுங்கள்.

4. உறையைப் படிக்கப் பழகுங்கள்

எனக்கு அதிகம் கற்றுத் தந்தது இந்தப் பகுதிதான். கடிதத்தில் "நான் சுகம், நீங்கள் சுகமா, சூடு தாங்கேலாது" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது, தணிக்கை அப்படி. சேவை இலக்கம், படைப்பிரிவு, கம்பனி (படைப்பிரிவுக்குள் இருக்கும் சிறு பிரிவு) இலக்கம் எல்லாம் உறையின் பின்பக்கத்திலோ கடிதத்தின் மேல் மூலையிலோ இருக்கும். நான் ஒரு வருடமாய்த் தேடிய சேவை இலக்கம் எட்டு உறைகளில் இருந்தது. அதை ஏதோ தபால் இலக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இலக்கத்துக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் அவற்றையும் விடாமல் குறியுங்கள்.

சில சுருக்கங்கள்:

எம்.ஈ.எஃப். என்றால் மத்திய கிழக்குப் படை. எகிப்து, பாலஸ்தீனம், லிபியாப் பக்கம்.
சி.எம்.எஃப். என்றால் மத்தியதரைப் பகுதிப் படை, பெரும்பாலும் இத்தாலி.
எஸ்.ஈ.ஏ.சி. என்றால் தென்கிழக்காசியக் கட்டளை, அதாவது பர்மா, இந்தியா, இலங்கைப் பக்கம்.
ஓ.ஏ.எஸ். என்றால் போர்ச் சேவையில் இருக்கிறார் என்று அர்த்தம், ஊர்ப்பெயர் இல்லை. எங்கள் சின்னம்மா பல காலமாக "ஓயாஸ் என்ற ஊரில் அப்பா இருந்தவர்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்.

தபால் சீலில் "எஃப்.பி.ஓ." என்ற எழுத்துகளும் ஒரு இலக்கமும் இருந்தால் அது களத் தபால் நிலையம். ஊர்ப்பெயரை மறைக்கத்தான் இலக்கம் போட்டார்கள். எந்த இலக்கம் எந்தத் திகதியில் எந்த இடத்தில் இருந்தது என்று தபால் வரலாற்று ஆர்வலர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் இலக்கத்தையும் திகதியையும் சேர்த்தே குறியுங்கள், ஒன்று இல்லாமல் மற்றதால் பயன் குறைவு.

கடிதங்களின் வகையையும் பாருங்கள். உள்ளங்கை அளவில் புகைப்படத் தாள் போல இருந்தால் அது ஏர்கிராஃப். கடிதத்தைச் சின்னப் பிலிமில் படம் பிடித்து விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் அச்சடித்துக் கொடுத்தது. படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அச்சிட்ட வரிகள் கொண்ட அட்டையில் வேண்டாததை வெட்டியிருந்தால் அது களச் சேவைத் தபாலட்டை, படிவ இலக்கம் ஏ 2042. அதில் கையெழுத்தையும் திகதியையும் தவிர வேறு எது எழுதினாலும் கிழித்துவிடுவார்கள். ஆகவே "அப்பா எங்களுக்கு ஒரு வரிகூட எழுதேல்ல" என்று கோபப்பட வேண்டாம். பச்சை உறை ஒன்று கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். உள்ளே வீட்டு விஷயம் மட்டும்தான் என்று சிப்பாய் சத்தியம் செய்து கையெழுத்திட்டு அனுப்பும் உறை அது. தன் பிரிவின் அதிகாரி பிரித்துப் படிக்கமாட்டார் என்பதால் அந்த உறையில் வந்தவைதான் மனம்விட்டு எழுதிய கடிதங்கள்.

சம்பளப் புத்தகம் அகப்பட்டால் அதிர்ஷ்டம். ஆமி புக் 64 என்று அட்டையில் இருக்கும். முதல் பகுதியில் இலக்கம், பெயர், பிறந்த திகதி, சேர்ந்த இடம், தடுப்பூசி, நெருங்கிய உறவினர், கடைசியில் உயில் எழுத ஒரு பக்கம். இரண்டாம் பகுதி சம்பளக் கணக்கு. அதில் வீட்டுக்கு அனுப்பிய பணமும் இருக்கும்.

5. பெயர்: எல்லோரும் விழும் குழி

என் முதல் விண்ணப்பம் "அப்படி ஒருவரின் பதிவு கிடைக்கவில்லை" என்று திரும்பி வந்தது. ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த பதில் அது. பிழை என்னுடையது.

எங்கள் பெயர் முறை தெரியும்தானே. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். பெயரை மாற்றியே சொல்கிறேன், செல்லையா கணபதிப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படிவத்தில் "குடும்பப் பெயர்" கட்டத்தில் நான் கணபதிப்பிள்ளை என்று போட்டேன், பின்னால் வருவதுதானே என்று. ஆனால் 1940-களில் அவரைச் சேர்த்த கிளார்க், செல்லையாவைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார். கோப்பு முழுவதும் "செல்லையா, கே."

சரி, எழுத்துக்கூட்டலாவது ஒன்றாக இருந்ததா? எட்டு உறைகளில் ஐந்து விதம். ஒன்றில் "கனபதிபிலே", ஒன்றில் "கணபதி பிள்ளாய்", ஒன்றில் பிள்ளையே இல்லை, வெறும் கணபதி. சேர்த்த கிளார்க்கின் காதில் விழுந்ததுதான் எழுத்து. மதம் மாறியவர்கள், ஞானஸ்நானப் பெயரில் சேர்ந்தவர்கள், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் எல்லாம் தனிக் கதை. எங்கள் அம்மப்பாவும் பிறந்த வருடத்தை இரண்டு வருடம் முன்னால் தள்ளிச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே விண்ணப்பிக்க முன்னர் ஒரு தாளை எடுத்துப் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். இரண்டு பெயரையும் மாறி மாறிக் குடும்பப் பெயராக வைத்துப் பாருங்கள். பிறந்த திகதியில் வீட்டில் சொல்வது, சான்றிதழில் உள்ளது, சம்பளப் புத்தகத்தில் உள்ளது மூன்றையும் எழுதுங்கள். படிவத்தில் "மேலதிகத் தகவல்" கட்டம் இருக்கும், இதெல்லாம் அங்கே போக வேண்டும். சேவை இலக்கம் இருந்தால் பெயர்ச் சிக்கலில் பெரும்பகுதி அதோடு தீர்ந்துவிடும். அதனால்தான் உறைகளைப் படிப்பதை இதற்கு முன்னால் வைத்தேன்.

6. இங்கேயே எடுக்க வேண்டிய பத்திரங்கள்

இவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் லண்டன் பக்கம் திரும்ப வேண்டும்.

இறப்புச் சான்றிதழ் கட்டாயம். பதிவு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் எடுக்கலாம். டவுன் பகுதி என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் சின்னத் தொகை, வேலையும் சுருக்கம். தெரியாவிட்டால் தேடும் கட்டணம் சேரும், நாளும் இழுபடும். பழைய பிரதி ஒன்று வீட்டில் இருந்தால், மங்கியிருந்தாலும் கொண்டு போங்கள்.

உங்கள் உறவைக் காட்டும் பத்திரம்: பிள்ளை என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழ், பேரப்பிள்ளை என்றால் அம்மா அல்லது அப்பாவினுடையதும் சேர்ந்து.

ஒப்புதல் கடிதம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் இறந்து 25 வருடம் ஆகவில்லை என்றால், மிக நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் பெயர், இலக்கம், பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி போன்ற அடிப்படை விவரம் மட்டும்தான் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு தரும். அம்மப்பா இறந்தது 2006-இல், அம்மம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். அதனால் அம்மாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. அம்மா உயிரோடு இருக்கும்போதே இதைத் தொடங்கியது என் அதிர்ஷ்டம்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். கொடுக்கும் முன்னர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஐந்து எழுத்துக்கூட்டலோடு ஆறாவதும் சேரும். எனக்குச் சேர்ந்தது.

பெயர் வித்தியாசம் பெரிதாக இருந்தால் "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை" என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துச் சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் ஆங்கிலத்திலேயே முடித்தேன், அதனால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

7. சேவைப் பதிவுக்கு விண்ணப்பித்தல்

பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு தன்னிடம் இருந்த பழைய சேவைப் பதிவுகளை 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. மொத்தம் ஏறக்குறைய 97 லட்சம் கோப்புகள், பல வருட வேலை. ஆகவே முதல் வேலை, உங்களுடைய கோப்பு இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது. காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், எல்லா எழுத்துக்கூட்டலிலும். அங்கே அகப்பட்டால் அங்கேயே கேளுங்கள். பிறந்து 115 வருடம் ஆகாதவரின் கோப்பு மூடியிருக்கும், இறப்புச் சான்றிதழைக் காட்டினால்தான் திறப்பார்கள். அகப்படாவிட்டால் பிரிட்டிஷ் அரசின் இணையத்தளத்தில், இறந்த படையினரின் பதிவைக் கேட்கும் பக்கத்தில் விண்ணப்பியுங்கள்.

அமைச்சுப் பக்கத்துக் கட்டணம் நான் கட்டியபோது 30 பவுண்டு. இறந்தவரின் மனைவி கேட்டால் இலவசம். அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் அவருடைய பெயரிலேயே விண்ணப்பியுங்கள். பதிவு கிடைக்காவிட்டால் கட்டிய காசு திரும்பி வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

காசு கட்டும் இடத்தில் ஒரு பொறி. எங்கள் ஊர் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பூட்டியிருக்கும். வங்கிக்குப் போன் பண்ணி முதல் நாளே திறக்கச் சொல்லுங்கள், ஓடிபி வரும் தொலைபேசி இலக்கம் பழையதா என்றும் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு எல்லாம் நிரப்பி முடித்து, கடைசிப் பக்கத்தில் அட்டை மறுக்கப்பட்டு, படிவம் முழுவதும் அழிந்துபோனது எனக்கு. நிரப்பும் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்.

பதக்கம் பற்றி ஒரு சொல். பிரிட்டிஷ் தரைப்படை இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. பெட்டியில் கிடக்கும் ஆபிரிக்கா ஸ்டார் யாருடையது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, கூட இருக்கும் கடதாசித் துண்டுதான் சாட்சி. அவர் கேட்டு வாங்காமலே விட்டிருந்தால், உரிய உறவினர் இன்றும் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்தில் கேட்கலாம். காசு கொடுத்து இணையத்தில் வாங்குமுன் அதைச் செய்யுங்கள்.

8. தனிக் கோப்பு இல்லாவிட்டால்

படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் அன்றன்று எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்று எழுதி வைத்தது. கியூவில் மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அந்தக் காலத்துப் போர் அலுவலகம்) 169, இத்தாலிப் பக்கத்துக்கு டபிள்யூ.ஓ. 170, தென்கிழக்காசியாவுக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசைகள். சிப்பாயின் பெயர் அதில் வருவது அரிது. ஆனால் கம்பனி இலக்கம் தெரிந்தால் கடிதத்தின் திகதியை வைத்து அவர் எங்கே நின்றார் என்று சொல்லிவிடலாம். நகல் கேட்டால் முதலில் பக்கம் எண்ணிச் சொல்ல ஒரு கட்டணம், பிறகு நகலுக்குத் தனிக் கட்டணம். லண்டனில் உறவினர் இல்லாத திருகோணமலைக் குடும்பம் எது? ஒரு நாள் கியூவுக்கு அனுப்பி வைத்தால் வாசகர் அட்டை எடுத்து, சொந்தக் கமராவில் இலவசமாகப் படம் எடுக்கலாம். நான் மச்சானை அனுப்பினேன். அடையாளத்துக்கும் முகவரிக்கும் தனித்தனி அத்தாட்சி கொண்டுபோக வேண்டும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவன் இரண்டு தரம் போக வேண்டி வந்தது, இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

இந்தியப் படையில் இருந்தவர் என்றால் இந்த வழி முழுவதும் பொருந்தாது. அதிகாரிகளின் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சாதாரணச் சிப்பாய்களின் பதிவு இந்தியாவில் அந்தந்த ரெஜிமென்டின் பதிவகத்தில்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சப்பர்ஸுக்குப் பெங்களூர்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். உப்புவெளி தாண்டி நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறை அந்த ஆணையத்தின் பராமரிப்புத்தான். ஆனால் வெளியூரில் இறந்த எங்கள் ஊர்க்காரரை அங்கே தேடாதீர்கள். விழுந்த நாட்டில்தான் புதைத்தார்கள்.

9. செலவும் காலமும்

என் கணக்கு இது. வீட்டுத் தேடலும் உறவுக்காரர்களும் நான்கு மாதம், செலவு இல்லை. இங்கே பத்திரம் எடுக்க இரண்டு மாதம். சான்றிதழ், மொழிபெயர்ப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குள். பிழையான விண்ணப்பம் ஐந்து மாதம், சரியான விண்ணப்பம் ஒன்பது மாதம். ஒவ்வொரு தரமும் 30 பவுண்டு, அன்றைய விலையில் ஏறக்குறைய 12,000 ரூபாய். இந்தக் கட்டுரையைப் பார்த்துச் செய்பவருக்கு அந்த ஐந்து மாதமும் 12,000 ரூபாயும் மிச்சம்.

காசு வாங்கிக்கொண்டு "ஒரு கிழமையில் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் இணைய முகவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள், இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

10. கோப்பு வந்த பிறகு

வந்த அன்றே இறக்கி மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். கடிதப் படங்களையும் கோப்பையும் பொதுவில் வைக்க விரும்பினால் நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை இலக்கமுறையில் சேர்க்கிறது, அவர்களோடு பேசலாம். எல்லா உறவினரிடமும் சம்மதம் வாங்கிவிட்டுப் போங்கள். கடிதங்களில் உயிரோடு இருப்பவர்களின் வீட்டுச் சண்டையும் இருக்கும்.

அச்சடித்து முதியவர்களிடம் கொடுக்கும் முன்னர் நீங்கள் தனியாக ஒரு தரம் படியுங்கள். மருத்துவக் குறிப்பு, தண்டனை, கடன் எல்லாம் அதில் வரும். திகதி வாரியாகப் போகும் படிவம் பி 103-ஐ முதலில் எடுங்கள். எந்தக் கம்பனி, எப்போது கப்பல், எப்போது ஆஸ்பத்திரி என்று வரிசையாக இருக்கும். பக்கத்தில் கடிதங்களை அதே திகதி ஒழுங்கில் வைத்து, இரண்டையும் ஒரு கொப்பியில் சேர்த்து எழுதுங்கள்.

நான் அப்படித்தான் அம்மாவோடு இருந்து எழுதினேன். கனடா மாமா அனுப்பிய கடிதம் ஒன்றில் அம்மப்பா எழுதியிருந்தார்: "இந்தக் கிழமை வேலை மிகவும் கூட, வெளியே போகவும் நேரமில்லை, கடிதம் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம்." கோப்பின் நடத்தைத் தாளில் அதே கிழமைக்கு நேரே ஒரு வரி. லீவு முடிந்து இரண்டு நாள் பிந்தி வந்ததற்கு ஏழு நாள் முகாமுக்குள்ளேயே இருக்கும் தண்டனை. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார். "அம்மாட்ட இத ஒருக்காலும் சொல்லியிருக்கமாட்டார்" என்றார்.